ரிப்பேரா, பார்ட்ஸா

ஒரு நாள் காலை, வகுப்பை முடித்துவிட்டு நான் அடுப்படியில் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது ஹாலில் தடாலென்று சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தேன். என் கணவர் காலில் சார்ஜர் வயர் சுற்றியபடி நின்றிருந்தார். என் லேப்டாப் தரையில் கவிழ்ந்து கிடந்தது.

"வயரை இப்படியா குறுக்க விடுவ?" என்றார்.

நான் உட்கார்ந்து அதை நிமிர்த்தினேன். திரையில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை விரிசல். மூடியைப் பிடித்திருக்கும் கீல் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. பட்டனை அழுத்தினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. ஆனால் பக்கவாட்டில் விளக்கு எரிந்தது. உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. எப்போதும் ஆரம்பத்தில் வரும் அந்தச் சின்ன மணியோசையும் கேட்டது.

"உயிர் இருக்கு" என்றேன்.

"இருக்கும், இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார்.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய ஒரு அபார்ட்மெண்டில் இருக்கிறோம். நான், கணவர், மாமியார். கணவர் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். நான் வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு மாலை என்றால் எனக்கு விடியற்காலை. காவிரிக்குக் குளிக்கப் போகிறவர்களின் பேச்சுச் சத்தம் கீழே ரோட்டில் கேட்கத் தொடங்கும் நேரத்தில் நான் ஹாலின் மூலையில் உட்கார்ந்து "ழ" சொல்லிக்கொடுப்பேன். யாருடைய தூக்கமும் கெடக்கூடாது என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசுவேன். அப்படியும் மாமியார், "காலங்காத்தால வீட்ல குசுகுசுன்னு பேச்சு" என்பார்.

பாடங்களை நானே தயாரித்தேன். படம் வரைந்து, கதை எழுதி, வாசித்துப் பதிவு செய்து வைப்பேன். பிள்ளைகள் வாசிப்பதையும் பதிவு செய்வேன். அவர்களில் ஒரு சிறுமிக்குத் திக்குவாய். முதல் மாதம் தன் பெயரைச் சொல்லவே திணறுவாள். வாராவாரம் அவள் வாசித்ததை ஒரு ஃபோல்டரில் வரிசையாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு நாள் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்கே போட்டுக்காட்ட வேண்டும் என்று ஆசை. எதற்கும் வேறொரு நகல் எடுத்து வைக்கவில்லை. இணையத்தில் கிடைத்த இலவச இடம் எப்போதோ நிரம்பிவிட்டது. காசு கட்டி இடம் வாங்கலாமா என்று கேட்டபோது, "அ, ஆ-வை வைக்க வாடகையா?" என்று கணவர் சிரித்தார். அதோடு விட்டுவிட்டேன்.

விழுந்த அன்றே அவர் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனார். தெரிந்த கடையில் காட்டிவிட்டு வருவதாகச் சொன்னார். சில நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தார். சாப்பாட்டு மேசையில் வைத்து, மாமியாரும் நானும் பார்க்கும்படி பட்டனை அழுத்தினார். விளக்கு எரியவில்லை. சத்தமும் இல்லை.

"போர்டே போயிடுச்சாம். கடைக்காரர் கையை விரிச்சுட்டார்."

"அன்னைக்கு விளக்கு எரிஞ்சுதேங்க?"

"அன்னைக்கு எரிஞ்சுது. அப்பறம் போயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியில போறதில்லையா?"

"உள்ள இருக்கற பாடமெல்லாம்?"

"போர்டு போனா எல்லாம் போன மாதிரிதான்."

எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் சொன்னதை நம்பினேன்.

அடுத்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு வேளைகளில் இதே பேச்சுதான். பழைய லேப்டாப், எப்படியும் விற்றுவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். ரிப்பேர் செய்து முழுசாக விற்பதா, பிரித்து உதிரியாக விற்பதா என்பதுதான் கேள்வி. "நீயே சொல்லு, உன் பொருள்" என்றார். அவர் என்னிடம் அப்படிக் கேட்டது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நான் ரிப்பேர் பக்கம் நின்றேன். காரணத்தை மறைக்கவில்லை. ரிப்பேர் ஆகி ஒருமுறை திறந்தால் போதும், ஏதாவது மிச்சம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், அதன் பிறகு யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்றேன். அதற்காகப் படி படியென்று படித்தேன். செல்போனில் பழைய லேப்டாப் விற்கும் பக்கங்களையெல்லாம் பார்த்து, இதே மாடல் ஓடும் நிலையில் என்ன விலைக்குப் போகிறது, உடைந்த நிலையில் என்ன விலைக்குப் போகிறது என்று எடுத்துச் சொன்னேன். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பார். நடுவில் சந்தேகம் கேட்பார். "அப்ப பேட்டரியோட வயசையும் சேத்துக்கணும்ல?" என்பார். மறுநாள் நான் பேட்டரியைப் பற்றிப் படித்துவிட்டு வருவேன்.

ஒரு நாள், "சரி, உன் இஷ்டம். ரிப்பேரே பண்ணிடலாம்" என்றார். அன்று அவருக்குப் பிடித்த வெங்காய சாம்பார் வைத்தேன். மறுநாள் காலையில் காபி டம்ளரை வாங்கும்போதே, "யோசிச்சுப் பாத்தேன், வேஸ்ட்டு" என்றார். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மாமியார் வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். இருமுகிறார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். கணவரின் ஒரே தங்கை. புத்தூரில் குடியிருக்கிறாள். அவளும் பேச்சில் சேர்ந்துகொண்டாள்.

"அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க. முழுசா வித்தா உடைஞ்ச சாமான்னு அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க. பிரிச்சா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி விலை. கீபோர்டு தனி, பேட்டரி தனி, போர்டு தனி."

"போர்டுதான் போயிடுச்சேம்மா."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தார்.

"ஆமாமா, போயிடுச்சுல்ல" என்றாள் நாத்தனார். மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போனார். அங்கிருந்து அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, பழசு ஒண்ணு ஞாபகம் வந்துது" என்றார்.

அதற்குள் வகுப்பு நின்று பல நாளாகியிருந்தது. செல்போனில் நடத்திப் பார்த்தேன். எழுத்து தெரியவில்லை என்று இரண்டு வீடுகளில் நிறுத்திவிட்டார்கள். இனிப் பொறுக்க முடியாது என்று தோன்றியது. கணவர் ஆபீஸ் போன பிறகு லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, காய்கறிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மாமியாரிடம் டவுனுக்குப் போய் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் தில்லைநகர். ஒரு குறுக்குத் தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைகள் சில இருந்தன. கூட்டம் இருந்த கடைக்குள் போனேன்.

கடைக்காரர் முகம் பார்க்காமல் பேசுகிற ஆள். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

"ரிப்பேர் பண்ண என்ன ஆகும், பண்ணாம விலைக்குப் போட்டா என்ன கிடைக்கும், ரெண்டும் சொல்லுங்க."

அவர் அதைக் கவிழ்த்துப் போட்டு, திருகாணிகளைக் கழற்றி, அடித்தட்டைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன மேடம் இது?"

"என்னங்க?"

"உள்ள ரேமும் இல்ல, ஹார்ட் டிஸ்க்கும் இல்ல. ரெண்டையும் உருவிட்டு வெறும் கூட்டைக் கொண்டாந்து விலை கேக்கறீங்க. நாங்க திறந்து பாக்க மாட்டோம்னு நெனச்சீங்களா?"

கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"எனக்குத் தெரியாதுங்க. போர்டு போயிடுச்சுன்னு சொன்னாங்க."

"இந்த மாதிரி எத்தனை பேரைப் பாக்கறோம்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். ஆனாலும் தன் மேசை டிராயரிலிருந்து ஒரு பழைய ரேமை எடுத்து உள்ளே பொருத்தி, யாரோ கழற்றிவிட்டிருந்த பேட்டரி வயரையும் மாட்டி, கடை மானிட்டர் வயரைச் சொருகி, பட்டனை அழுத்தினார். என் லேப்டாப்பில் விளக்கு எரிந்தது. மின்விசிறி சுற்றியது. மானிட்டரில் கம்பெனியின் அடையாளம் வந்தது.

"போர்டு நல்லாத்தான் இருக்கு. யாரு சொன்னா போயிடுச்சுன்னு? ஸ்கிரீனும் கீலும்தான் அடி."

"போர்டு போனா உள்ள இருக்கறதெல்லாம் போயிடும்னு..."

"அது வேற, இது வேற மேடம். டிஸ்க் பத்திரமா இருந்தா எதுவும் போகாது. அந்த டிஸ்க் எங்க?"

நான் தெருவுக்கு வந்து கணவருக்குப் போன் செய்தேன். எந்தக் கடை, என்ன நடந்தது என்று சொன்னேன். அவர் பதறவில்லை. மறுக்கவும் இல்லை.

"ஆமா, நான்தான் எடுத்தேன். தங்கச்சி லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருந்துச்சு. அதுல போட்டுக் குடுத்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"அப்பறம் எதுக்குங்க ஒரு வாரமா ரிப்பேரா பார்ட்ஸான்னு கேட்டீங்க?"

அவர் சிரித்தார். போனில் அது நன்றாகக் கேட்டது.

"நீ பேசறதைப் பாக்க நல்லா இருந்துச்சு. வக்கீல் மாதிரி தினம் ஒரு பாயிண்ட் கொண்டு வருவ. அம்மாவுக்கு அடக்கவே முடியல. சரி, சரி, இதையெல்லாம் பெரிசு பண்ணாத. வீட்டுக்குப் போ."

போனைப் பைக்குள் போட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. வெங்காய சாம்பார்தான் ஞாபகம் வந்தது. அன்று அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அங்கிருந்து புத்தூர் பக்கம்தான். லேப்டாப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு அண்ணன் போன் செய்திருக்கவில்லை. "வாங்க அண்ணி, என்ன திடீர்னு?" என்று காபி போட உள்ளே போனாள். அவள் லேப்டாப் சோபாவில் திறந்தே இருந்தது. திரையில் புடவை விற்கும் பக்கம் ஒன்று.

"இதுக்குள்ள என் டிஸ்க் இருக்காமே" என்றேன்.

காபியோடு வந்தவள் டம்ளரை என் பக்கம் நீட்டினாள். பிறகு சாதாரணமாக, "அண்ணன் சொல்லிட்டாரா? நான் அப்பவே சொன்னேன் அண்ணி, அண்ணிகிட்ட சொல்லிடுங்கன்னு" என்றாள்.

"என் பாடமெல்லாம் இருக்கா?"

"ஐயோ, அதெல்லாம் ஃபார்மட் பண்ணித்தானே போடணும். அழிக்கறதுக்கு முன்னாடி பாத்தேன். பெரிசா ஒண்ணும் இல்ல. சின்னப் பசங்க பாட்டு, பூனைப் படம், அப்பறம் ஒரு பொண்ணு திக்கித் திக்கிப் படிக்கறது. கேக்கவே முடியல, சிரிப்பா வந்துச்சு. அதெல்லாம் திரும்பவும் பண்ணிக்கலாம்ல?"

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான் காபியை வாங்கவில்லை. சோபாவிலிருந்த லேப்டாப்பை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். "அண்ணி! அண்ணி! என்ன பண்றீங்க?" என்று அவள் மாடியிலிருந்து கத்தினாள். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. வாசலில் நின்றிருந்த ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

திரும்பக் கடைக்கு வந்து இரண்டு லேப்டாப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன்.

"இதுல இருக்கற ரேமையும் டிஸ்க்கையும் எடுத்து அதுல போடுங்க. ஸ்கிரீன் மாத்திடுங்க. ரிப்பேரே பண்ணிடுங்க."

"அழிச்சதை எடுக்க முடியுமாங்க?" என்றும் கேட்டேன்.

"இந்த டைப் டிஸ்க்கில கஷ்டம் மேடம். ஃபார்மட் பண்ணி, மேல ஏத்தி வேற பயன்படுத்தியிருக்காங்க. போனது போனதுதான்."

"பரவாயில்ல. மாத்துங்க."

அவர் நாத்தனாரின் லேப்டாப்பைத் திறந்து, திருகாணிகளைக் காந்தத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் பைக் வந்து நின்றது. கணவர். ஆபீஸ் சட்டையோடு, பின்னால் தங்கையை உட்காரவைத்துக்கொண்டு வந்திருந்தார். அவள் அழுது கண் வீங்கியிருந்தாள். அவர் நேராகக் கடைக்காரரிடம் போனார்.

"அண்ணே, அதைத் தொடாதீங்க. அது என் தங்கச்சியோடது. இவங்க என் வொய்ஃப்தான். கொஞ்சம் டென்ஷன்ல இருக்காங்க. வீட்டு விஷயம், நாங்க பாத்துக்கறோம்."

"அந்த டிஸ்க் என்னோடதுங்க" என்றேன். "என் சம்பாத்தியத்துல வாங்கினது."

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"சார், எங்களுக்கு வம்பு வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு, கழற்றிய திருகாணிகளைத் திரும்ப முடுக்கினார். முடுக்கி முடித்ததும் துணியால் துடைத்து என் கணவர் கையில் கொடுத்தார். கணவர் தங்கையிடம் கொடுத்தார். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அண்ணி மேல எனக்குக் கோவமே இல்ல" என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னாள்.

என் லேப்டாப் மட்டும் மேசையில் திறந்து கிடந்தது.

"இதையாவது நான் என்ன வேணா பண்ணலாமா?" என்று கணவரைக் கேட்டேன்.

"தாராளமா. உன் பொருள்."

"பிரிச்சுடுங்க" என்றேன் கடைக்காரரிடம். "எது எது விலை போகுமோ எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் குப்பையில போடுங்க."

கணவர் என் தோளில் தட்டினார். "இதைத்தானே ஒரு வாரமா சொல்லிக்கிட்டிருக்கோம்!" என்றார். கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவர்கள் போன பிறகும் நான் நின்று பார்த்தேன். கீபோர்டு வந்தது. அதில் "அ" வரும் பட்டன் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. பேட்டரி வந்தது. விசிறி வந்தது. போர்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, "சூப்பர் கண்டிஷன் மேடம்" என்றார் கடைக்காரர். அவர் கொடுத்ததை எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.

கைலாசபுரத்தில் என் சொந்த அண்ணன் இருக்கிறார். பஸ் ஏறும் முன் அவருக்குப் போன் செய்து முழுக்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "ஒரு லேப்டாப்புக்காகவாம்மா? விட்டுக்குடுத்துப் போ" என்றார். அண்ணி பின்னாலிருந்து "யாருங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது. "ஒண்ணுமில்ல" என்று அவர் சொன்னதும் விழுந்தது.

வேறு எங்கே போவது? ஸ்ரீரங்கம் பஸ்தான் ஏறினேன். வீட்டில் மாமியார் கதவைத் திறந்ததும், "கடைசில பார்ட்ஸ்தானா?" என்று கேட்டார். இந்தத் தடவை அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை.

திக்கிப் படிக்கும் சிறுமியின் அம்மா சில நாள் கழித்து, மகளுடைய பழைய பதிவுகளை அனுப்ப முடியுமா என்று கேட்டார். அவளுடைய பேச்சுப் பயிற்சியாளருக்குக் காட்ட வேண்டுமாம். தொலைந்துவிட்டன என்று எழுதினேன். யார் தொலைத்தது என்று எப்படி எழுதுவது? "இவ்வளவு அலட்சியமா இருப்பீங்கன்னு நினைக்கல" என்று பதில் வந்தது. அதோடு அந்த வகுப்பும் நின்றது.

அந்த மாதமே தில்லைநகரில் ஒரு டியூஷன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். அவர்கள் கம்ப்யூட்டர், அவர்கள் மாணவர்கள். விடிவதற்குள் கிளம்பிவிடுவேன். வீட்டில் காலைச் சமையலை மாமியார் செய்கிறார். முழங்கால் வலிக்கிறது என்று அவர் சொல்லும்போது, வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டு செருப்பை மாட்டுவேன். கணவரிடம் தேவைக்கு மட்டும் பேசினேன். ஆரம்பத்தில் அவர் அதையும் ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். விருந்தாளி யாராவது வந்தால், "வக்கீலம்மா கேஸ் ஜெயிக்கல, அதான் கோவம்" என்று அந்த ஒரு வாரக் கதையைச் சொல்லுவார். நான் அவர் சொல்லி முடிக்கும்வரை தட்டோடு நிற்பேன். பிறகு பலகாரத்தை வைத்துவிட்டுப் போவேன். நாளாக ஆக அவர் கதை சொல்வது குறைந்தது. சாப்பிடும்போது என் முகத்தை அடிக்கடி பார்க்கத் தொடங்கினார். நான் பேட்டரியைப் பற்றியோ வேறு எதைப் பற்றியோ பேசவில்லை.

போன தீபாவளிக்கு நாத்தனாரும் அவள் கணவரும் வந்திருந்தார்கள். எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருந்தபோது கணவர் உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்து என் முன்னாலிருந்த மேசையில் வைத்தார். புதிய லேப்டாப். மாதத் தவணையில் வாங்கியிருக்கிறார். "பிரிச்சுப் பாரு" என்றார். குரலில் கேலி இல்லை. வாயால் மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரியவில்லை, அதை இப்படிக் கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றேன். பெட்டியைத் தூக்கி அப்படியே நாத்தனார் மடியில் வைத்தேன். "உன்னோடது மறுபடி ஸ்லோ ஆயிடுச்சுன்னு சொன்னியே. எடுத்துக்கோம்மா."

"நெஜமாவா அண்ணி?" அவள் துள்ளிவிட்டாள். உடனே பிளாஸ்டிக்கைக் கிழித்தாள். அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. மாமியாருக்கு விளங்கியது. எழுந்து உள்ளே போய்விட்டார். கணவர் பெட்டி இருந்த வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல்வரை சிவந்திருந்தது. அன்று தில்லைநகர் கடையில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் முகம் எப்படி இருந்தது என்று தெரியும். அவசரப்படாமல் பார்த்தேன்.

தவணை மாதாமாதம் அவர் சம்பளத்திலிருந்து போகிறது. ஒரு நாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி?" என்று கேட்டார்.

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. "கதவைச் சாத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.